கன்று இழுக்கிற கையும் காதில் குத்திய ஊசியும்

டெல்ஃபா ஹார்கிஸ் பிறந்தபோது அழவில்லை, மருத்துவச்சியைத் திட்டினாள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நான் அப்போது பக்கத்தில் இல்லை. ஆனால் அவளுடைய பக்கத்து வேலியில் ஆயுசெல்லாம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அது நடந்துதான் இருக்கும் என்று பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன். ஒரு தடவை சூறாவளி நேராக அவள் வீட்டைப் பார்த்து வந்தது. வாசலில் அவள் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்ததும் மரியாதையாக வலது பக்கம் திரும்பி என் கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்பேர்ப்பட்டவளைச் சாய்த்தது ஒரு உண்ணி.

அமெரிக்காவின் நடுவில் இருக்கிற எங்கள் ஓசார்க் மலையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உண்ணிக்குப் பஞ்சம் வராது. கோடையில் புல்லில் உட்கார்ந்து எழுந்தால் உட்கார்ந்தபோது இருந்ததைவிட ஒரு பவுண்டு எடை கூடித்தான் எழுந்திருப்போம். அதில் ஒரு ஜாதி, முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி வைத்தது. அது கடித்தால் சில பேருக்கு அதற்குப் பிறகு நாலுகால் பிராணி எதுவும் ஆகாது. மாடு, பன்றி, மான், ஆடு, எதைத் தின்றாலும் சில மணி நேரம் சும்மா இருக்கும். பிறகு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, ஆளையே கொண்டுபோகப் பார்க்கும்.

டெல்ஃபாவுக்கு அது ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சாப்பாட்டில் தெரிந்தது. மத்தியானம் ஊருக்கு வைத்த மாட்டுக்கறி வறுவலில் பாதியைத் தின்றாள். சாயங்காலம் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இனிமேல் சிவப்புக் கறி கூடாது என்றார்கள். சரி என்று வீட்டுக்கு வந்தவள், அடுத்த வாரமே அணில் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அதே கட்டிலில் போய்ப் படுத்தாள்.

டாக்டர் சின்னப் பையன், வேறு மாநிலத்துக்காரர். அவருக்குத் தலை சுற்றியது.

"சிவப்புக் கறி கூடாதுன்னு சொன்னேனே மேடம்?"

"நான் எங்க சிவப்புக் கறி தின்னேன்? அணில்தானே தின்னேன்?"

"அணிலும் அதுல சேர்ந்ததுதான்."

"அது மரத்துல இருக்குது டாக்டர்."

"மரத்துல இருந்தா அது பறவையா?"

டெல்ஃபா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கறி ரெண்டே வகை. கீழே பார்த்துச் சுடுவது ஒன்று, மேலே பார்த்துச் சுடுவது ஒன்று. வான்கோழி, வாத்து, புறா, அணில் எல்லாம் ஒரே கணக்கு. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. அந்த வருஷம் இந்த உண்ணிக்கடிக்காரர்கள் அணில் தின்றுவிட்டு வந்து விழுந்ததைப் பார்த்து, ஆஸ்பத்திரி வாசலில் அணில் படம் போட்டு ஒரு பலகையே வைத்தார்கள்.

கறி போனதைப் பற்றி டெல்ஃபா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மீன் தின்றாள், பீன்ஸ் தின்றாள், பன்றிக்கொழுப்பு போடாத பிஸ்கெட் சுட்டாள். அந்த பிஸ்கெட்டில் ஒன்றை வைத்து என் லாரிக்கு ஜாக்கி கொடுத்திருக்கிறேன். கோழியும் தின்றாள், ஆனால் பகையாளியைத் தின்கிற முகத்தோடு தின்றாள். கோழி என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தம்பி ரோண்டல் கோழிக்காரன் என்பதும் அதற்கு ஒரு காரணம். அவனுக்கு டவுன் ரோட்டில் வரிசையாக நீளநீளக் கொட்டகைகள்.

அவளுக்கு உயிர் மாடுதான். மலைச்சரிவில் கறுப்பு மாடுகள், ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொன்றின் பாட்டிக்கும் பெயர். இந்த மேய்ச்சல் நிலம் அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. அவர்களுடைய அப்பா பாதிரியார் முன்னால் வாய்வார்த்தையாக ஒரே ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போனார். "கன்னு இழுக்கிற கை எதுவோ, நிலம் அந்தக் கை சொன்ன பேச்சைக் கேக்கணும்." எங்கள் பக்கம் இது பழைய வழக்கம்தான். ஈற்று சமயத்தில் சேற்றில் முழங்கால் போட்டவர் வாயிலிருந்துதான் வீட்டில் பேச்சு வரும். ரோண்டல் இளவட்டமாக இருந்தபோது ஒரே ஒரு கன்று பிறப்பதைப் பார்த்தான். பார்த்ததும் மயங்கித் தாய்மாட்டின் மேலேயே விழுந்தான். அன்றிலிருந்து நிலம் டெல்ஃபா பேச்சைக் கேட்டது.

உண்ணி கடித்த பிறகு வந்த முதல் ஈற்றில்தான் வில்லங்கம். கறி வயிற்றுக்குள் போனால் மட்டும்தான் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டெல்ஃபா தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டுதான் கன்றை இழுத்தாள். பனிக்குடத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. தண்ணீர்ப் பம்ப் வரைக்கும் நடந்தவள் அங்கேயே சரிந்தாள். என் பெயர் ஹாய்ட், தீவன லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு மூட்டைகளை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு லாரியை ஆஸ்பத்திரிக்குப் பறக்கவிட்டேன். எனக்கு முன்னால் போன ஆம்புலன்ஸ் எனக்கு வழிவிட்டது.

அவள் கண் திறந்ததும் கட்டில் பக்கத்தில் ரோண்டல், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, போதும். இனிமே ஈற்றுப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பா சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"செத்தா போயிட்டேன், மறக்கறதுக்கு?"

"உன் கையால இனிமே இழுக்க முடியாது. மாட்டை ஏலத்துக்கு அனுப்பிடுவோம். அந்த மேட்டுல நாலு கோழிக் கொட்டகை போடலாம். கம்பெனியே குஞ்சு குடுக்கும், தீவனம் குடுக்கும்."

"நாத்தத்தை யாரு குடுப்பா? அதுவும் கம்பெனிதானா?"

"நீ இப்ப திங்கறதே கோழிதானேக்கா?"

"திங்கத்தான் திங்கறேன். அதோட குடித்தனம் பண்ண முடியாது."

ரோண்டல் கெட்டவன் இல்லை. அக்கா செத்துப்போய்விடுவாள் என்ற பயம் பாதி, கோழி ஆசை பாதி. எது எந்தப் பாதி என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் டெல்ஃபா மூக்கில் குழாயோடு ஒரு பேச்சுக்கு வந்தாள்.

"அடுத்த வசந்தத்து ஈற்று வரைக்கும் விடு. அதுல ஒரு கன்னாவது என் கையால இழுத்து, நானும் நின்னேன்னா, செத்தாலும் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. முடியலன்னா உன் கோழியைக் கொண்டாந்து கொட்டு. நான் டவுனுக்குப் போய் ஜன்னல் ஓரமா உக்காந்து நாசமாப் போறேன்."

ரோண்டல் கை கொடுத்தான். நான் சாட்சி.

அதற்குப் பிறகுதான் லின்னெட் கதைக்குள் வருகிறாள். எங்கள் சபை மூப்பரின் மகள். மேற்கே எங்கேயோ போய் அக்குபஞ்சர் படித்துவிட்டு வந்து, டவுனில் தூண்டில் புழு விற்கிற கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தாள். இந்த உண்ணி ஒவ்வாமைக்குக் காதில் ஓர் இடம் பார்த்து மயிரிழை மாதிரி ஒரு குட்டி ஊசி குத்தி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, மூன்று வாரம் விட்டுவிடுவாள். ஆரம்பத்தில் அவளுடைய அப்பாவே அவளுக்காக ஜெபக்கூட்டம் வைத்தார். ஊர் ஜனமெல்லாம் வெளியே சிரித்துவிட்டு உள்ளே போய்க் குத்திக்கொண்டது. யாராவது பார்த்துவிட்டால் சொல்லிக்கொள்ள ஆளுக்கு ஒரு டப்பா புழு வாங்கிக்கொள்வார்கள். அந்த வருஷம் புழுக்கடைக்காரன் புது வீடு கட்டினான். ஏரியில் மீன்கள்தான் பட்டினி.

டெல்ஃபா புழு வாங்கவில்லை. பிக்கப்பை லின்னெட் கடை வாசலில் குறுக்கே நிறுத்தி, நாலு தடவை ஹாரன் அடித்து, எதிர்த்த ஹோட்டலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் இறங்கினாள். கையில் துண்டு சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடி. காவலுக்கு நான்.

லின்னெட் அவளைப் படுக்க வைத்து நாடி பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு குட்டிக் குப்பியை எடுத்தாள்.

"இதை நீங்க கையில வெச்சுக்கணும், மிஸ் டெல்ஃபா. இது மாட்டுக்கறிக்கு உண்டானது. இதை வெச்சுத்தான் காதுல எடம் தேடுவேன்."

"மாட்டுக்கறி யாருக்கு வேணும்? அந்தக் குப்பியை உள்ள வை." டெல்ஃபா துண்டைப் பிரித்து ஜாடியை மேஜை மேல் வைத்தாள். "இதை வெச்சுத் தேடு."

"என்ன இது?"

"பீச் பழ ஜாம். மூடியைத் திறந்து பாரேன்."

லின்னெட் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக, மிக மெதுவாக, கீழே வைத்தாள். கொஞ்ச நாள் முன்னால் என் மாடு ஒன்று கன்று போட்டபோது டெல்ஃபா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதட்ட அதட்ட நான் பிடித்த பனிக்குடத் தண்ணீர் அது. மூடிக்கு மேல் டேப், அதற்கு மேல் மெழுகு, அதற்கு மேல் இன்னொரு டேப். நிலாவுக்கு ஆள் அனுப்பினபோதுகூட இவ்வளவு இறுக்கமாக மூடியிருக்க மாட்டார்கள்.

"என்னைச் சாய்ச்சது இதுதான். உன் குப்பிக்கு என்னைத் தெரியாது. இதுக்கு என்னை நல்லாத் தெரியும்."

"இதைத் திறக்கக் கூடாது, மிஸ் டெல்ஃபா."

"நான் என்ன குடிக்கவா கொண்டாந்தேன்? மூடினபடியே மடியில வெச்சுக்கறேன். நீ குத்து."

லின்னெட் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். நல்ல பெண். பொய் சொல்ல வராது.

"ஒண்ணு சொல்லிடறேன். இது உறுதின்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்கு நல்லாயிருக்கு, சில பேருக்கு ஒண்ணுமே ஆகலை. டாக்டருங்க பாதிப் பேர் இதைக் கேட்டாலே சிரிக்கறாங்க. ஆபத்துன்னா தொடையில குத்திக்கிற அந்த மருந்துப் பேனா, அதைக் கையை விட்டு இறக்கவே கூடாது. திரும்ப ரத்தம் பாக்காம எதையும் தொடக்கூடாது."

"வேற யாராவது இதைவிட நல்ல யோசனை வெச்சிருக்காங்களா?"

"இல்லை. கிட்டப் போகாதீங்கங்கறதுதான் யோசனை."

"அது எனக்கு யோசனையே இல்லை. குத்து."

குத்தினாள். வலது காதில், மடிப்புக்குள்ளே. டெல்ஃபா அசையவில்லை. எனக்குத்தான் வியர்த்து, பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு டப்பா புழு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஊசி மூன்று வாரம் விழாமல் இருக்க வேண்டும், காது நனையக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். எங்கள் ஊர்க்காரிக்கு அந்தத் துளிப் பிளாஸ்திரி மேல் நம்பிக்கை வருமா? வீட்டுக்கு வந்ததும் மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற ஊதா மருந்தைக் காது முழுக்க அடித்தாள். அதன் மேல் குதிரைக் காலுக்குச் சுற்றுகிற ஒட்டுத்துணி, கிளிப்பச்சை நிறம், தலையைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று. அடுத்த தடவை பார்க்க வந்த லின்னெட் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. ஆனால் ஊசி இம்மி நகரவில்லை. அந்தக் கட்டுக்கு உள்ளே ஒரு மனுஷனை வைத்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டான்.

அந்தக் கோலத்தோடு டெல்ஃபா தினமும் காலையில் ஹோட்டலுக்கு வந்தாள். வீட்டிலேயே காப்பி இருந்தது. வேண்டுமென்றேதான் வந்தாள். மாட்டு ஏலக்காரன் கிளீட்டஸ் அவளுக்காகவே காத்திருப்பான்.

"டெல்ஃபாவுக்கு யாரோ காதுல மாட்டு வில்லை மாட்டிட்டாங்கப்பா. எந்தப் பண்ணைன்னு நம்பர் படிச்சுச் சொல்லுங்க."

"கிட்ட வந்து படி. உனக்குப் படிக்கத் தெரியும்னா."

"செவ்வாக்கிழமை ஏலத்துல விட்டா என்ன விலைக்குப் போவே?"

"உன்னைவிடக் கூடத்தான் போவேன். எனக்குப் பல்லு எல்லாம் இருக்கு."

ஹோட்டல் சிரித்தது. கிளீட்டஸ் வாயை மூடிக்கொண்டான், உள்ளே இருந்த ரெண்டு பல்லோடு. ஆனாலும் விடவில்லை.

"காதுல குத்தினா வயித்துல கறி செரிக்குமாம். நாளைக்கு மூக்குல குத்தினா முட்டிவலி போகும்பாங்க."

டெல்ஃபா காப்பியைக் கீழே வைத்தாள்.

"கிளீட்டஸு, உன் காளைக்கன்னுக்கெல்லாம் காதுத் தோலுக்குள்ள குளிகை வெக்கறியே, எதுக்கு?"

"எடை ஏறத்தான்."

"காதுல வெச்சா தொடையில எடை ஏறுதா?"

"ஏறுது. எல்லாரும்தானே வெக்கறாங்க."

"மாட்டுக் காதுல வெச்சா நம்புவே. என் காதுல வெச்சா சிரிப்பே. உனக்கு மாட்டு மேல இருக்கற மரியாதை மனுஷி மேல இல்லை. பரவாயில்லை, எனக்கும் அப்படித்தான்."

மாட்டுக்கு வைக்கிறது மருந்துக் குளிகை, இவளுக்கு வைத்தது வெறும் ஊசி, ரெண்டும் வேறு என்று பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னார்கள். சரியான பேச்சுதான். ஆனால் அதற்குள் ஹோட்டல் மேஜைகளைத் தட்டி முடித்திருந்தது.

ஊசி எடுத்த பிறகு டெல்ஃபா காத்திருந்து ரத்தம் பார்த்தாள். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வாமை அளவு நிறையவே இறங்கியிருந்தது. உண்ணி கடிக்காமல் இருந்தாலே சில பேருக்குத் தானாக இறங்கும், காது ஊசிக்கு அதில் பங்கு உண்டு என்று தான் எழுதித்தர மாட்டேன் என்றார். டெல்ஃபாவை அதற்குள் உண்ணி கடித்திருக்க வழியும் இல்லை. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகி, மேலே டேப் ஒட்டி, மருந்தடித்துக்கொண்டு நடந்தாள். அவள் தாண்டிப் போனால் உண்ணி மட்டுமா, வெட்டுக்கிளியும் மயங்கி விழுந்தது.

"இறங்கியிருக்கு. போகலை," என்றார் டாக்டர். "இதை வெச்சுக்கிட்டு வீட்டுல சோதனை எதுவும் பண்ணாதீங்க."

"நான் சோதனை பண்ண மாட்டேன் டாக்டர். மாடு பண்ணும்."

வசந்தம் வந்தது. கிழட்டு மாடுகள் யாரையும் கூப்பிடாமல் புதருக்குப் பின்னால் போய்க் கன்று போட்டுவிட்டு வந்தன. அவற்றுக்குக் கை தேவையில்லை. ரோண்டல் தினம் வந்தான். வருகிறவன் சும்மா வராமல் மேட்டில் கொட்டகைக்கு அளவு பார்த்து முளைக்குச்சி அடித்தான். அவன் அடித்த குச்சியை மாடுகள் முதுகு சொறிந்தே சாய்த்தன. அவன் மறுபடி அடிப்பான். அவை மறுபடி சொறியும். வேலியில் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது.

ஒரு மத்தியானம் டச்சஸ் வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றி வர ஆரம்பித்தது. அது தலையீற்றுக் கிடாரி. டெல்ஃபா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. வெகுநேரம் முக்கியும் ஒரே ஒரு கால்தான் வெளியே வந்தது. இன்னொரு கால் உள்ளே மடங்கிக்கொண்டது. அப்படியே விட்டால் தாயும் போகும், கன்றும் போகும். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன், சாயங்காலம் ஆகும் என்றார்.

முதலில் நான் முயன்றேன். என் கை மண்வெட்டி சைஸ். டச்சஸ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன். ரோண்டல் முன்னெச்சரிக்கையாகக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றான்.

டெல்ஃபா தோள்வரை உறை போட்டு உள்ளே கையை விட்டாள். பிளாஸ்டிக் வழுக்கியது. குளம்பு பிடிக்கு வந்து வந்து நழுவியது. நாலைந்து தடவை. டச்சஸுக்கு முனகக்கூடத் தெம்பு குறைந்தது. டெல்ஃபா கையை வெளியே எடுத்தாள். உறையைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"அக்கா, வேண்டாம்."

"குளம்பை உள்ளங்கையில பொத்தித் திருப்பணும்டா. இல்லைன்னா உள்ள கிழிச்சிரும். இதை மாட்டிக்கிட்டு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"மாடு போனா போகட்டும். நிலமும் வேண்டாம், கோழியும் வேண்டாம். நீ வெளிய வா."

"அதை நேத்தே சொல்லியிருந்தா காப்பி போட்டுக் குடுத்திருப்பேன்." சட்டைப்பையிலிருந்து மருந்துப் பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தாள். இன்னொன்று என் கையில். "நான் விழுந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, துணியோட சேத்துத் தொடையில குத்து. அதுக்கு முன்னாடி பயந்து குத்தினே, எழுந்து வந்து உதைப்பேன். ஹாய்ட், லின்னெட்டுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடு. வாசல்ல வந்து நிக்கட்டும்."

வெறுங்கையை உள்ளே விட்டாள். முகத்தை மாட்டு முதுகில் அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் என்று ரோண்டல் நினைத்தான். நான் கிட்ட நின்றேன். மாட்டைக் கெஞ்சுவதும் உண்ணியைத் திட்டுவதுமாக மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் தோள் இறங்கியது. ரெண்டாவது கால் வெளியே வந்தது. கன்றின் காலில் சங்கிலி மாட்டி, டச்சஸ் முக்குகிறபோதெல்லாம் அவள் கீழ்நோக்கிச் சாய்ந்தாள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் வாளி கவிழ்ந்தது மாதிரி வந்து அவள் கழுத்தையும் மார்பையும் நனைத்தது.

கன்று மூச்சு விடவில்லை. அதன் வாயில் விரல் விட்டு வழித்து எறிந்தாள். மூக்கில் வைக்கோல் விட்டுக் கிண்டினாள். அது ஒரு தும்மல் போட்டுத் தலையை உதறியது. மிச்சம் மீதி இருந்ததெல்லாம் டெல்ஃபா முகத்தில் தெறித்தது.

ரோண்டல் மயங்கவில்லை. அதை நான் பதிவு செய்தாக வேண்டும். அக்காவை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் குழாயடியில் நிறுத்தித் தேய்த்தான். மார்ச் மாசத்து ஐஸ் தண்ணீர். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மாவட்டத்தில் நாய் குரைத்தது.

அப்புறம் காத்திருப்புதான். போர்வை சுற்றி அவளைப் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார வைத்தோம். ஆம்புலன்ஸ் பையன்கள் வந்து பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். லின்னெட் வந்தாள். எங்கள் பக்கம் சேதி காலால் நடக்காது, பறக்கும். கிளீட்டஸ் வந்தான். சபைப் பெண்கள் சோளரொட்டியும் வறுத்த கெளுத்தியும் மூடி போட்ட தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"சாவுக்குச் சமைச்சுக் கொண்டாந்துட்டீங்களா?" என்றாள் டெல்ஃபா.

"இல்லம்மா. பொழச்சாலும் திங்கலாம்னுதான் மீனாக் கொண்டாந்தோம்."

சுற்றி நின்று அவளையே பார்த்தோம். அடுப்பில் வைத்த பாலைக்கூட யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ரோண்டல் டார்ச் அடித்து அவள் தொண்டைக்குள்ளே பார்த்தான்.

"என்னடா தெரியுது?"

"மீன் தெரியுது."

கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டில் வந்துவிட்டது. சிவப்பாக, தடித்தடியாக, முழங்கையைப் பார்த்து ஏறியது. ரோண்டல் பேனாவின் மூடியைக் கழற்றினான். ஆம்புலன்ஸ் பையன் முன்னால் வந்தான்.

லின்னெட் கிளீட்டஸின் சட்டைப்பையில் இருந்த, ஏலத்தில் மாட்டு முதுகில் கோடு போடுகிற நீலச் சுண்ணக்கட்டியைப் பிடுங்கினாள். டெல்ஃபாவின் முழங்கைக்குக் கீழே, தடிப்பு முடிகிற இடத்தில், சுற்றிலும் ஒரு கோடு இழுத்தாள்.

"இந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னாலும் குத்திடணும், மூச்சு மாறினாலும் குத்திடணும். அப்ப நீங்க பேசக் கூடாது, மிஸ் டெல்ஃபா."

"மூச்சு எப்படி இருக்கு?" என்றான் ஆம்புலன்ஸ் பையன். "தொண்டை அடைக்குதா? உண்மையைச் சொல்லுங்க."

டெல்ஃபா போர்வையை உதறிவிட்டுப் பலகையில் எழுந்து நின்றாள். கையை வாயருகே குவித்து மேட்டைப் பார்த்து மாட்டைக் கூப்பிட்டாள். "சூ...க், சூ...க்" என்று எங்கள் பக்கம் கூப்பிடுவோமே, அது. அடைத்த தொண்டையில் அந்தச் சத்தம் வராது. அது மலையில் போய் முட்டித் திரும்பி வந்து, மறுபடி போய் முட்டியது. மேட்டிலிருந்து மாடுகள் எல்லாம் திமுதிமுவென்று இறங்கி வந்தன. ரோண்டலின் முளைக்குச்சிகள் ஒன்று மிச்சமில்லாமல் காலடியில் போயின. என் மாடுகளும் வேலியை உடைத்துக்கொண்டு வந்தன. எவனோ முன்பின் தெரியாதவனுடைய மாடு ஒன்றும் வந்தது, அது யாருடையது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

"போதுமா?" என்றாள் ஆம்புலன்ஸ் பையனிடம்.

"போதும் மேடம்," என்றான் காதைப் பொத்திக்கொண்டு.

தடிப்பு கோட்டுக்கு வந்து நின்றது. ஒரு பக்கம் கோட்டைத் தொட்டது. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், டெல்ஃபா ஒருத்திதான் அங்கே ஒழுங்காக மூச்சுவிட்டாள். வெயில் சாயச் சாயத் தடிப்பும் கீழே இறங்கியது. பொழுது சாய்கிறபோது மணிக்கட்டில் சிவப்பு மட்டும் மிச்சம். டச்சஸ் கன்றை நக்கி நக்கி நிற்க வைத்திருந்தது.

ஊசிதான் வேலை செய்தது என்றார்கள் சபைப் பெண்கள். ஜெபம் என்றார் மூப்பர். தண்ணீரில் உடனே கழுவியதுதான் காப்பாற்றியது என்றான் ஆம்புலன்ஸ் பையன். உண்ணியே இவளுக்குப் பயந்து ஓடியிருக்கும் என்றான் கிளீட்டஸ். லின்னெட்டைக் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியலை," என்றாள். "முழுசாப் போகலைங்கறது மட்டும் தெரியுது. தடிச்சுதே, பாத்தீங்கல்ல?"

"யாரு வேணா பேரை எடுத்துக்கோங்க," என்றாள் டெல்ஃபா. "எனக்கு மாடு போதும்."

ரோண்டல் அவள் பக்கத்தில் பலகையில் ஏறி உட்கார்ந்தான். மூடி கழற்றிய பேனாவை இன்னும் கையில் பிடித்திருந்தான், கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நிலம் உன்னுதுதான்க்கா. இனிமே பேச மாட்டேன்."

"பேசினாலும் கேக்க மாட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு. மறுபடி உண்ணி கடிச்சு, மறுபடி எல்லாம் முதல்லேர்ந்து வந்துட்டா?"

"வரட்டும். வலது காதுலதானே குத்தினாங்க?" டெல்ஃபா தலைமுடியை ஒதுக்கி இடது காதை அவனுக்குக் காட்டினாள். "இது காலியாத்தான் இருக்கு."

பலகையிலிருந்து இறங்கிப் பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, ஈற்றுக்கு நின்ற அடுத்த கிடாரியின் மடி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனாள். ரோண்டல் பேனாவோடு பின்னாலேயே ஓடினான்.